தலைவருக்கு இல்லாத அதிகாரம்

ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த காலத்தில் யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் களத்துப் பாறையின் ஓரத்தில் ஒரு தகரப் பலகை நட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். சரிதான், இல்லை. ஆனாலும் அதே நிலைமை இன்றைக்கு வந்தால் இன்றைக்கும் நடுவேன்.

பாறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஒரு சரிவின் தலைமாட்டில் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் மலை சட்டென்று கீழே இறங்கிவிடும். அந்த விளிம்பில் அகலமான வழுக்கைப் பாறை ஒன்று, யாரோ இழைத்து வைத்தது போலச் சமமாகக் கிடக்கிறது. சாமை அறுத்தால் கட்டுகளை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவோம். மாடு கட்டி மிதிக்க விடுவது, காற்று பார்த்துத் தூற்றுவது, புளி உலர்த்துவது, கொட்டை தட்டுவது எல்லாம் அங்கேதான். வெயிலில் பாறை காய்ந்துவிட்டால் தானியம் கலகலவென்று உலர்ந்துவிடும். சாணி மெழுக வேண்டாம், மண் கலக்காது. யாருக்கும் பட்டா கிடையாது. அரசுக் கணக்கில் அது களத்துப் புறம்போக்கு. எங்கள் வாயில் வெறும் ‘களம்’.

விளிம்பில் நின்றால் போளூர்ப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும். நின்று பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. கீழேயிருந்து காரில் வந்தவர்களின் கண்ணுக்கு அது மட்டும்தான் பட்டது.

தலைவர் பதவியைப் பெண்ணுக்கு என்று ஒதுக்கியபோது ஊரில் என் பெயரைச் சொன்னார்கள். போளூரில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள் என்பது ஒரு காரணம். என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், நாலு இடம் தெரிந்தவர், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பெரிய காரணம். முதல் கூட்டத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று போட்டிருந்தார்கள். அவர் உட்காரப் போனார்.

“நீங்க எந்த வார்டு மெம்பர்?” என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை யாரும் போடவில்லை.

பதவிக்கு வந்து கொஞ்ச காலம் ஆனபின், ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் கீழே நகரத்தில் விடுதிகள் நடத்துகிறவர். மரியாதையானவர்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“சார் இல்லீங்களா?”

“எந்த சார்?”

“ப்ரசிடென்ட் சாருங்க.”

“நான்தான் ப்ரசிடென்ட். இன்னா விசயம், சொல்லுங்க.”

அவர் ஒரு கணம் தடுமாறிவிட்டுச் சொன்னார். “களத்துப் பாறை மேல டென்ட் போடலாம்னு இருக்கோம்மா. கட்டடமே கெடையாது. ஒரு செங்கல்கூட வெக்க மாட்டோம். சனி ஞாயிறுல டவுன்காரங்க வருவாங்க, தங்குவாங்க, சூரியன் வர்றத பாத்துட்டுப் போய்டுவாங்க. உங்க ஊர்ப் பசங்களுக்கு வேலை. ஊராட்சி சார்பா ஆட்சேபணை இல்லைன்னு நீங்க ஒரு கடிதம் குடுத்தா போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

“சாமைய எங்க அடிக்கறது?”

“ரோட்டோரமா சிமெண்டுல நாங்களே ஒரு களம் போட்டுத் தர்றோம்மா.”

“கட்ட தலையில தூக்கிகினு ரோட்டு வரைக்கும் எறங்கி, அங்க அடிச்சு, மூட்டைய மறுபடி மேல ஏத்தணுமா?”

“இப்பதான் எல்லாத்துக்கும் மெஷின் வந்துடுச்சேம்மா,” என்று சிரித்தார்.

எங்கள் துண்டு நிலங்களுக்கு அறுவடை இயந்திரம் எந்த வழியாக வரும் என்று நான் கேட்கவில்லை. கடிதம் தர முடியாது என்று மட்டும் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர் நேராக என் வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனார் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

“வெறும் கடிதம்தானே. குடுத்தா இன்னா?” என்றார் வீட்டுக்காரர்.

“குடுக்க மாட்டேன்.”

“ஊர்ல பாதிப் பேரு டென்ட் வரட்டும்னு சொல்றாங்கோ.”

“அந்தப் பாதியில நீங்களும் இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றார்.

ஒளிவு மறைவு தெரியாத மனிதர். அதற்காகவே அவரோடு நான் சண்டை போட்டதும் உண்டு, அதற்காகவே மதித்ததும் உண்டு. அன்றைக்கு இரண்டும் செய்தேன்.

சில வாரம் கழித்து விறகுக்குப் போன பெண்கள் ஓடிவந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பாறை மேல் வெள்ளைப் பெயின்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. கட்டத்தின் மூலைகளில் மெஷின் வைத்துத் துளைத்து இரும்பு வளையங்களை இறக்கியிருந்தார்கள். செங்கல் வைக்கவில்லை, உண்மைதான். குனிந்து வளையம் இறங்காத ஒரு துளைக்குள் விரலை விட்டேன். பாறைத் தூள் இன்னும் சூடாக இருப்பது போலத் தோன்றியது. தூற்றும்போது நாங்கள் நிற்கிற இடத்தில் ஒரு கட்டம், குழந்தைகளைப் படுக்க வைக்கிற இடத்தில் இன்னொரு கட்டம். கோபத்தில் எனக்கு வாய் குளறியது. “இவங்களுக்கு யாரு சொன்னது, யாரு சொன்னது” என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் அடித்ததில் மிஞ்சிய மஞ்சள் பெயின்ட் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. அதைத் தகரத்தில் அடித்து, காய்ந்ததும் கறுப்பில் நானே எழுதினேன். ‘இது பொதுக் களம். இங்கே கூடாரமோ கட்டடமோ அமைக்கக் கூடாது. இது ஊராட்சி மன்றத் தலைவர் உத்தரவு.’ விறகுக்குப் போன பெண்களும் நானும் பாறையோரத்து மண்ணில் குழி பறித்து அதை நட்டோம். ‘உத்தரவு’ என்ற சொல்லை எழுதும்போது எனக்குள் ஒரு மிடுக்கு வந்தது. ஐந்தாண்டுப் பதவியில் அந்தச் சொல்லை நான் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பலகை நட்ட சேதி பரவி, புகார் போய், என்னை ஒன்றிய அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அலுவலர் நடுத்தர வயதுக்காரர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“நீங்க செஞ்சது நல்ல எண்ணத்துலதாம்மா. ஆனா தலைவர் தனியா உத்தரவு போட முடியாது. மன்றம் என்ன தீர்மானம் போடுதோ அதை நிறைவேத்தறதுதான் தலைவரோட வேலை. தீர்மானம் இல்லாம நீங்க பலகை நட்டது செல்லாது.”

“அது பொது நெலம் சார். நான் தலைவர். பொது நெலத்த காப்பாத்தறது என் வேலை இல்லையா?”

“காப்பாத்தணும். அதுக்கு வழி இருக்கு. அந்த நிலம் அரசோடது. பராமரிப்பு மட்டும்தான் ஊராட்சிகிட்ட. மேலிடம் நெனச்சா வகைப்பாட்டையே மாத்தலாம். அதுக்கும் முன்னாடி ஊராட்சியோட தீர்மானத்த கேப்பாங்க. எல்லாத்துக்கும் தீர்மானம்தாம்மா. உங்க ஒருத்தர் கையெழுத்துக்கு இதுல ஒண்ணும் பலம் இல்லை.”

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இதற்கா ஓட்டுப் போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள் என்று இருந்தது. எழுந்திருக்கப் போனவள் திரும்ப உட்கார்ந்தேன்.

“அப்படின்னா ஒண்ணு கேக்கறேன் சார். டென்ட்காரரு என்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் கேட்டாரே. நான் குடுத்திருந்தா அது செல்லுமா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “செல்லாதும்மா.”

“காக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல, குடுக்கவும் இல்ல.”

“இல்லை.”

சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். என்ன சொல்லி விளக்குவது? என் கையைக் கட்டிய அதே கயிறு எனக்குப் பின்னால் வரப்போகிறவரின் கையையும் கட்டும். எனக்கு அடுத்து வருகிறவர் கார்க்காரருக்கு வேண்டியவராகவே இருக்கட்டும், அவர் கையெழுத்துக்கும் பலம் கிடையாது. சட்டம் என்னை அவமானப்படுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அது பெரிய உபகாரமாகத் தெரிந்தது.

“சரிம்மா, பலகைய எடுத்துடுங்க,” என்றார் அலுவலர்.

“எடுக்கறதுக்கும் தீர்மானம் வேணும்ல சார்? நானா போய் எடுத்தா அதுவும் அதிகாரத்த மீறுனதாத்தானே ஆகும்?”

அவருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “சீக்கிரம் மன்றக் கூட்டம் போடுங்க,” என்றார்.

போட்டேன், தோற்றேன். பாறையைக் களமாகவே வைத்திருக்க வேண்டும் என்று நான் கொண்டுவந்த தீர்மானத்துக்கு வார்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் கை தூக்கவில்லை. துணைத் தலைவர் வெளிப்படையாகவே டென்ட் வேண்டும் என்றார். எனக்கு வயதில் மூத்தவர், கூட்டத்தில் குரலை உயர்த்தாதவர். அன்றைக்கு உயர்த்தினார்.

“அடுத்த கூட்டத்துல டென்டுக்கு சம்மதம்னு நாங்க தீர்மானம் கொண்டாறோம். அப்ப இன்னாம்மா பண்ணுவ? மெம்பருங்க நாங்கதான் அதிகம்.”

“கொண்டாங்கண்ணே,” என்றேன். “அதுக்குள்ள கிராம சபை வருது.”

மன்றத்தில் எனக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் கிராம சபை ஊரில் ஓட்டு உள்ள எல்லோருக்கும் உரியது, அதைக் கூட்டும் பொறுப்பு தலைவருடையது. சபை போட்ட தீர்மானத்தை மன்றம் எளிதில் மீற முடியாது. எந்த இடத்தில், என்ன பொருள் என்று முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். எனக்கு உள்ள அதிகாரம் இவ்வளவுதான் என்றால், இதை முழுசாகப் பிடித்துக்கொள்வது என்று முடிவுசெய்தேன். காந்தி ஜெயந்தி அன்று நடக்கும் கிராம சபை வழக்கமாகப் பள்ளிக்கூடத்தில் நடக்கும். இந்த முறை களத்துப் பாறையில் நடக்கும் என்று அறிவிப்பு ஒட்டினோம். ஊராட்சி செயலர் கொஞ்சம் பயந்தார். “பாறையிலயாம்மா? நெழலே கெடையாதே,” என்றார். சாமியானா கட்டலாமா என்று அவரே கேட்டு, கட்ட வளையம் இருக்கிறதே என்று அவரே சொல்லி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வேண்டாம், வெயிலில் உட்காரட்டும் என்றேன்.

ஊர் ஊராக நடந்தேன். எங்கள் ஊராட்சி சரிவுக்கு ஒன்றாகச் சிதறிய குக்கிராமங்கள்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விஷயத்தைச் சொன்னேன். டென்ட் வேணும்னா வந்து வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, வராம மட்டும் இருந்துடாதீங்க. சில வீடுகளில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள். சில வீடுகளில், “ஒரு கடிதம் குடுத்துட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே, எதுக்கு இந்த வீம்பு?” என்றார்கள். வீம்புதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அன்று காலை பாறை நிறைந்துவிட்டது. செங்கத்தில் மூட்டை தூக்குகிற பையன்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுக் கட்டங்களின் மேலேயே ஜனம் உட்கார்ந்திருந்தது. மேற்பார்வைக்கு வந்த ஒன்றிய அலுவலரும் ஒரு ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பொருளைப் படித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். முதலில் எழுந்தவர் என் வீட்டுக்காரர்.

பத்துப் பதினைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. அவர் என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“தலைவர் அவர்களுக்கு வணக்கம். நான் டென்ட் வரணும்னு சொல்றவன். நம்ம பசங்க பாதிப் பேரு இந்த மலையில கீறதே கெடையாது. திருப்பூருக்குப் போறான், கேரளாவுக்குப் போறான். நல்லா போய்ட்டு நல்லா வர்றவனும் கீறான், கை ஒடிஞ்சு வர்றவனும் கீறான். இங்கயே ஒரு வேலை கெடைச்சா இன்னா தப்பு? சாமை அடிக்க வருசத்துல கொஞ்ச நாள்தான் களம் வேணும். மீதி நாளெல்லாம் இந்தப் பாறை சும்மாதானே கெடக்குது?”

கைதட்டல் பலமாகவே இருந்தது. நியாயமான பேச்சு.

பதில் சொன்னது விறகுக்குப் போன பெண்களில் ஒருத்தி. கணவன் இல்லாமல் தனியாகப் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறவள். அவள் எழுந்து நின்றதும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“அண்ணன் சொல்றது வாஸ்தவம். வேலை வேணும். டென்ட்காரரு வேலை குடுக்கட்டும், அவரு நெலத்துல குடுக்கட்டும். மலையில பட்டா நெலம் இல்லாமலா போச்சு? குத்தகைக்கு எடுக்கட்டும். எனக்குச் சொந்தமா கீறது ரெண்டு முழ சாமைக் காடு. களம் எங்க வெப்பேன்? இந்தப் பாறை எனக்கும் பங்கு, அண்ணனுக்கும் பங்கு. இது போனா பெரிய காடு வெச்சிருக்கறவங்க தனியா களம் போட்டுக்குவாங்க. நான் எவங்க களத்துல போய் நின்னு கேக்கறது? எப்ப அடிச்சு முடிப்பீங்க, எப்ப எனக்கு வுடுவீங்கன்னு?”

யாரும் கைதட்டவில்லை. சின்னக் காடு வைத்திருப்பவர்கள்தான் அங்கே அதிகம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணைத் தலைவர் எழுந்து, வருசத்துக்கு வருசம் புதுப்பிக்கிற மாதிரி ஒப்பந்தம் போடலாமே என்றார். “போட்டவன் போவானா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு பையன், துளை போடுவதற்கு முன்னாடி யாரைக் கேட்டார்கள் என்று கேட்டான். யாரையும் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கை தூக்கச் சொன்னேன். களம் களமாகவே இருக்கட்டும் என்று தூக்கிய கைகளைச் செயலர் எண்ணத் தொடங்கினார். வலது பக்கத்தை எண்ணி முடிப்பதற்குள் இடது பக்கத்தில் கைகள் கூடிக்கொண்டே போயின. திரும்ப ஆரம்பித்தார். எண்ணாமலே தெரிந்தது, ஜெயித்துவிட்டோம். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை தூக்கவில்லை.

வீடு திரும்பும்போது, “நான் உனக்கு எதிரா பேசுல. டென்டுக்கு ஆதரவா பேசினேன்,” என்றார்.

“தெரியும்,” என்றேன். “நல்லாத்தான் பேசினீங்க.”

“தோத்துட்டேனே.”

“நானும் போன மாசம் தோத்தேன்.”

அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நான் நினைக்கவில்லை. அதிகாரத்தை மீறி நடந்துகொண்டதற்கு என் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. தலைவரைப் பதவியிலிருந்து நீக்கவும் வழி உண்டு, அது எனக்குத் தெரியும். ராஜினாமா செய்துவிட்டால் மரியாதையாகப் போகலாம் என்று நலம் விரும்பிகள் சொன்னார்கள். நீக்குகிறவர்கள் நீக்கட்டும், நானாகப் போக மாட்டேன் என்றேன். பதிலில், பலகை நட்டது நான்தான், அதை இல்லையென்று சொல்லவில்லை என்று எழுதினேன். ஆனால் இப்போது அந்தப் பாறையைக் களமாக வைத்திருப்பது கிராம சபை, என்னை நீக்கினாலும் சபை இருக்கும், அந்தத் தீர்மானம் வேண்டாமென்றால் சபையைக் கேளுங்கள் என்றும் எழுதினேன். விசாரணைக்கு ஒரு தடவை போனேன். அதற்குமேல் கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்கும் சொல்லவில்லை.

அலுவலர் முன்னிலையில் இரும்பு வளையங்களை அறுத்தெடுத்தார்கள். துளைகளை அடைக்க முடியவில்லை. சாமை அடிக்கும்போது அதில் தானியம் இறங்கிவிடுகிறது, குச்சியால் நோண்டி எடுக்கிறோம். விடுதிக்காரர் வேறொரு சரிவில் பட்டா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அங்கே டென்ட் போட்டார். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்காரரின் வண்டிக்கும் அதில் சவாரி கிடைக்கிறது. நல்லது. அவர்கள் வேலை பார்ப்பதை நான் எப்போதும் எதிர்க்கவில்லை.

பதவிக்காலம் முடிந்து தேர்தல் வராமல், இப்போது தனி அலுவலர்தான் ஊராட்சியைப் பார்க்கிறார். மன்றமும் இல்லை, தலைவரும் இல்லை. அண்மையில் ஒரு கிராம சபையில் புதுப் பொருள் ஒன்று வந்தது. பாறை விளிம்பில் கம்பி வேலி போட்டு, சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்க மேடை, வண்டி நிறுத்த இடம் அமைக்கலாம் என்று மேலிருந்து ஒரு யோசனை. தனி அலுவலர் சின்ன வயதுப் பெண். அதைப் படித்துவிட்டு, “இது அரசு நிலம்தாங்க. ஊருக்கு நல்லதுதான் செய்றாங்க. அதனால சம்மதம்னு எழுதிக்கலாங்களா?” என்றார்.

ஜமுக்காளத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது.

“எழுதிக்க முடியாதும்மா. கை தூக்கச் சொல்லி எண்ணணும். அதுக்கு முன்னாடி யாராருக்கு இன்னா சொல்லணுமோ சொல்லட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் நாங்க உக்காந்திருக்கோம்.”

“நீங்கதான் முன்னாடி தலைவரா இருந்தவங்களா?” என்றார்.

“ஆமாம்மா. இப்ப ஓட்டுக்காரி.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்கு முன்வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். வண்டி நிறுத்த இடம் வேண்டும், ஆனால் அது களத்தில் கூடாது, ரோட்டோரத்தில் போடட்டும் என்று தொடங்கினார். அவருக்குப் பின்னால் பேசுவதற்கு இன்னும் ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.